திறந்த ஏடும் தாழ்ப்பாளும்

வகுப்பறைக் கரும்பலகையில் எவரும் எழுதலாம், எவரும் அழிக்கலாம் என்று விட்டுவிட்டால் என்னவாகும்? மாலைக்குள் பாடம் காணாமற் போகும் என்றே ஆசிரியர்களாகிய நாம் சொல்லுவோம். ஆயினும் அப்படியொரு பலகையை உலகின் முன் வைத்தார் அமெரிக்கரான வார்டு கன்னிங்காம். 1995 மார்ச் 25ஆம் நாள் அவர் வெளியிட்ட இணைய ஏட்டின் பெயரில் இருந்த 'விக்கி' என்பது ஹவாய்ச் சொல். விரைவு என்று பொருள். ஹொனலூலு விமான நிலையப் பேருந்தின் பெயரிலிருந்து அவர் அதை எடுத்துக்கொண்டார்.

2000ஆம் ஆண்டில் ஜிம்மி வேல்சும் லாரி சாங்கரும் நூபீடியா என்னும் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கினர். அறிஞர்கள் எழுதுவர், ஏழு கட்டச் சோதனையும் உண்டு. ஓராண்டில் இரண்டு டசன் கட்டுரைகள்கூடத் தேறவில்லை. ஆகவே 2001 ஜனவரி 15இல் கதவைத் திறந்துவிட்டனர். அதுவே விக்கிப்பீடியா. பெயர் பதியாத வழிப்போக்கரும் எழுதலாம். ஒருவர் கெடுத்ததை மற்றொருவர் பழைய வடிவுக்கு மீட்கலாம்.

ஆனால், கெடுத்ததை யாரும் கவனிக்காவிட்டால்?

2005 மே மாதத்தில் அது நேர்ந்தது. ஜான் சைகன்தாலர் என்னும் மூத்த பத்திரிகையாளரைப் பற்றிப் பெயர் பதியாத ஒருவர் புதுப்பக்கம் எழுதினார். கென்னடி சகோதரர்களின் கொலைகளில் அவருக்குத் தொடர்பிருப்பதாக ஒரு காலத்தில் கருதப்பட்டதாம்! ராபர்ட் கென்னடியிடம் பணிபுரிந்து, அவருடைய சவப்பெட்டியைச் சுமந்தவர்களுள் ஒருவரான மனிதரைப் பற்றிய பொய் இது. நான்கு மாதங்களுக்கு மேல் அது அப்படியே கிடந்தது. நவம்பரில் அவர் நாளேட்டில் எழுதி முறையிட்டார். எழுதியவர் டிசம்பரில் அகப்பட்டார். வேடிக்கைக்குச் செய்தேன் என்றார். சைகன்தாலர் வழக்குத் தொடுக்கவில்லை. வேலையை இழந்த அம்மனிதரை மீண்டும் சேர்த்துக்கொள்ளும்படி முதலாளியிடம் பரிந்தும் பேசினார்.

அம்மாதமே ஆங்கில விக்கிப்பீடியாவில் பெயர் பதியாதோர் புதுப்பக்கம் தொடங்கத் தடை வந்தது. அடிக்கடி கெடுக்கப்படும் பக்கங்களைப் புதியவர்கள் தொடாதபடி அரைப் பூட்டும் போட்டனர். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்று பெயர் பதியாதவரின் கணினி முகவரி பக்கத்தின் வரலாற்றில் வெளிப்படையாகத் தெரியும். அதைக் கொண்டே அவரைப் பிடித்தனர். புனைபெயர் பதிந்திருந்தால் தப்பியிருப்பார்! எனவே பெயர்ப்பதிவு மட்டும் போதும் என்பதை நாம் ஏற்கத் தயங்குகிறோம்.

ஜெர்மானியர் வேறு வழி கண்டனர். 2008 முதல் புதியவர் எவரும் திருத்தலாம். அனுபவமுள்ளவர் பார்த்த பின்னரே வாசகருக்குத் தெரியும். நம் கண்ணுக்கு இதுவே நல்ல முறையாகப் படுகிறது, பார்க்க ஆள் இருக்கும்வரை. போர்த்துகீசிய மொழியினரோ 2020 அக்டோபரில், கணக்கில்லாதோர் கட்டுரைகளைத் திருத்தவே கூடாதென்று வாக்கெடுத்து முடிவு செய்தனர்.