பயிற்சி நிறுவனங்களின் இணையவழிச் சந்தைப்படுத்தல்

பயிற்சி நிறுவனங்களின் இணையவழிச் சந்தைப்படுத்தல் என்பது, போட்டித் தேர்வுகளுக்கும் நுழைவுத் தேர்வுகளுக்கும் மாணவர்களை ஆயத்தப்படுத்தும் தனியார் நிறுவனங்கள் வலைப்பதிவு, நிகழ்படம், சமூக வலைத்தளம், செய்திச் செயலி ஆகியவற்றின் வழியாகத் தம்மை அறிமுகப்படுத்தி மாணவர்களைச் சேர்க்கும் முறையாகும். பொருளைக் காட்டி விற்கும் வழக்கமான விளம்பரத்திலிருந்து இது வேறுபட்டது. இங்கு விற்கப்படுவது கற்பித்தல் என்பதால், அதன் ஒரு பகுதியை இலவசமாக வழங்குவதே விளம்பரமாகவும் அமைகிறது. இக்கட்டுரை இந்தியச் சூழலில் இம்முறை வளர்ந்த விதத்தையும், செயற்படும் வகையையும், அதன்மீது எழுந்துள்ள சட்டக் கட்டுப்பாடுகளையும் விளக்குகிறது.

பின்னணி

இந்தியாவில் உயர்கல்வி இடங்களும் அரசுப் பணியிடங்களும் விண்ணப்பிப்போரின் எண்ணிக்கையோடு ஒப்பிடுகையில் மிகக் குறைவு. 2024ஆம் ஆண்டில் மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வை 23 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர். அதே ஆண்டில் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 4 தேர்வுக்கு ஏறத்தாழ 20 இலட்சம் பேர் விண்ணப்பித்தனர். இத்தகைய போட்டியே பயிற்சி நிறுவனங்களின் தேவையை உருவாக்குகிறது.

பயிற்சி என்பது வாங்குவதற்கு முன் தரத்தைச் சோதித்துப் பார்க்க இயலாத ஒரு சேவை. கட்டணம் முன்கூட்டியே பெறப்படுகிறது. பலன் ஓராண்டோ ஈராண்டோ கழித்தே தெரிகிறது. பலன் கிட்டாவிடில் அது பயிற்சியின் குறையா, மாணவரின் குறையா என்று பிரித்தறிவதும் கடினம். ஆகவே சேர்வதற்கு முன் பெற்றோரிடமும் மாணவரிடமும் நம்பிக்கையை ஏற்படுத்துவதே இத்தொழிலின் சந்தைப்படுத்தலில் தலையாய பணியாகிறது.

வரலாறு

அச்சு விளம்பரக் காலம்

இணையம் பரவுவதற்கு முன் நாளிதழ் விளம்பரம், சுவரொட்டி, பெரிய விளம்பரப் பலகை, முன்னாள் மாணவர்களின் வாய்மொழிப் பரிந்துரை ஆகியனவே பயிற்சி நிறுவனங்களின் விளம்பர வழிகளாக இருந்தன. இராசத்தான் மாநிலத்தின் கோட்டா நகரம் வி. கே. பன்சால் போன்ற ஆசிரியர்களால் ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்குப் பெயர்பெற்றது. தேர்வு முடிவு வெளியான மறுநாளே முதலிடங்களைப் பெற்றவர்களின் ஒளிப்படங்களை நாளிதழின் முழுப்பக்கத்தில் வெளியிடும் வழக்கம் அக்காலத்திலேயே நிலைபெற்றது. இவ்வழக்கம் பின்னர் மாற்றமின்றி இணையத்துக்கும் வந்து சேர்ந்தது.

வலைப்பதிவுகள்

1999இல் தொடங்கப்பட்ட பிளாகர் சேவையை 2003இல் கூகுள் நிறுவனம் வாங்கியது. அதே ஆண்டில் வேர்ட்பிரசு மென்பொருளும் வெளியானது. கட்டணமின்றி எவரும் தளம் அமைக்க இவை வழிசெய்தன. ஒருங்குறி எழுத்துமுறை பரவியபின் தமிழிலும் வலைப்பதிவுகள் பெருகின. தமிழ்நாட்டுப் பள்ளி ஆசிரியர்கள் பலர் வினாத்தாள், பாடக்குறிப்பு, அரசாணை ஆகியவற்றைத் தம் வலைப்பதிவுகளில் வெளியிட்டனர். தனிப்பயிற்சி நடத்துவோரும் இதே வழியைப் பின்பற்றினர். குறிப்பிட்ட தேர்வின் பாடத்திட்டத்தையோ பழைய வினாக்களின் விடைகளையோ தேடுபொறியில் தேடும் மாணவர் அப்பதிவை வந்தடைவர். பதிவின் இறுதியில் பயிற்சி மையத்தின் முகவரி இருக்கும்.

நிகழ்படங்களும் கைபேசி இணையமும்

யூடியூப் தளம் 2005இல் தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் சல்மான் கான் தம் உறவினர் பெண்ணுக்குத் தொலைவிலிருந்து கணிதம் கற்பித்ததில் தொடங்கி, 2006 முதல் பாடங்களை யூடியூபில் வெளியிட்டார். 2008இல் அது கான் அகாடமி என்னும் இலாப நோக்கற்ற அமைப்பாயிற்று. பாடத்தை நிகழ்படமாக இலவசமாக வழங்க முடியும் என்பதை உலகுக்கு எடுத்துக்காட்டியது இம்முயற்சி எனலாம். இந்தியாவில் கௌரவ் முஞ்சால் 2010இல் தொடங்கிய அன்அகாடமி என்னும் யூடியூப் அலைவரிசை, 2015இல் நிறுவனமாக உருவெடுத்தது.

2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் கைபேசிச் சேவையைத் தொடங்கியபின் இணையத் தரவின் விலை பெரிதும் வீழ்ந்தது. சிற்றூர் மாணவரும் ஒரு மணிநேர வகுப்பைக் கைபேசியிலேயே காணும் நிலை ஏற்பட்டது. 2020இல் கொரோனா பெருந்தொற்றால் பள்ளிகளும் பயிற்சி மையங்களும் மூடப்பட்டபோது, இணையத்தைப் பயன்படுத்தாதிருந்த நிறுவனங்களும் அதனை நாட வேண்டியதாயிற்று.

செயற்படும் முறை

இம்முறை பெரும்பாலும் நான்கு படிகளைக் கொண்டது.

1. கண்டறிதல்: இலவசப் பாடம், தேர்வு முடிந்த அன்றே வெளியிடப்படும் விடைக்குறிப்பு, நடப்பு நிகழ்வுத் தொகுப்பு ஆகியவற்றின் வழியே மாணவர் நிறுவனத்தை அறிகின்றனர்.
2. தொடர்பில் வைத்தல்: மாணவர் டெலிகிராம் அல்லது வாட்ஸ்அப் குழுவில் இணைகின்றனர். பாடக்குறிப்பைப் பதிவிறக்கம் செய்யத் தொலைபேசி எண் கேட்கப்படுகிறது.
3. நம்பச் செய்தல்: நேரலை வகுப்பு, மாதிரித் தேர்வு, வெற்றி பெற்றோரின் நேர்காணல் ஆகியன வழங்கப்படுகின்றன.
4. சேர்த்தல்: கட்டணத் தள்ளுபடி, தொலைபேசி அழைப்பு ஆகியவற்றின் வழியே சேர்க்கை நடைபெறுகிறது.

ஒவ்வொரு படியிலும் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருவதால் இது புனல் வடிவில் உருவகிக்கப்படுகிறது. எடுத்துக்காட்டாக, ஒரு நிகழ்படத்தை 10,000 பேர் பார்த்து, அவருள் 300 பேர் குழுவில் இணைந்து, 60 பேர் மாதிரி வகுப்புக்கு வந்து, 12 பேர் கட்டணம் செலுத்துவதாகக் கொள்வோம். அந்நிகழ்படத்துக்கு ஆன செலவு 6,000 ரூபாய் எனில், ஒரு மாணவரைச் சேர்க்க ஆன செலவு 500 ரூபாய். இதே எண்ணிக்கையை நாளிதழ் விளம்பரத்தின் வழியே பெற ஆகும் செலவோடு இதனை ஒப்பிட்டு நிறுவனம் முடிவெடுக்கும். நாளிதழ் விளம்பரம் ஒரு நாளில் பழையதாகிவிடும். நல்ல பாட நிகழ்படமோ பாடத்திட்டம் மாறும்வரை தேடுபொறி வழியே புதிய மாணவரைக் கொணர்ந்துகொண்டே இருக்கும். சிறு நிறுவனங்களும் ஆசிரியர் தனியொருவரும் பெரு நிறுவனங்களோடு போட்டியிட முடிவதற்கு இதுவே காரணம்.

எடுத்துக்காட்டுகள்

பிசிக்ஸ் வாலா: பிரயாக்ராச் நகரைச் சேர்ந்த அலக் பாண்டே, 2014இல் தொடங்கிய தம் யூடியூப் அலைவரிசையில் 2016 முதல் இயற்பியல் பாடங்களைத் தொடர்ந்து வெளியிட்டார். பல ஆண்டுகள் இலவசப் பாடங்கள் வழியே பார்வையாளர்களைப் பெற்றபின், 2020இல் பிரதீக் மகேசுவரியுடன் இணைந்து நிறுவனமும் செயலியும் தொடங்கினார். பிற நிறுவனங்களைவிடக் குறைந்த கட்டணம் இதன் அடையாளமாயிற்று. 2022 சூன் மாதத்தில் 10 கோடி அமெரிக்க டாலர் முதலீடு பெற்றபோது இதன் மதிப்பு 110 கோடி டாலராகக் கணிக்கப்பட்டது. 2025 நவம்பரில் இதன் பங்குகள் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டன.

பைஜூஸ்: இந்நிறுவனம் பெருஞ்செலவிலான விளம்பரத்தை நாடியது. 2017இல் நடிகர் சாருக் கானை விளம்பரத் தூதராக அமர்த்தியது. 2019இல் இந்தியத் துடுப்பாட்ட அணியின் சட்டை விளம்பர உரிமையைப் பெற்றது. 2022இல் காற்பந்து வீரர் லியோனல் மெசியைத் தூதராக அறிவித்தது. துடுப்பாட்ட வாரியத்துக்குச் செலுத்த வேண்டிய விளம்பரத் தொகை தொடர்பான வழக்கில், 2024 சூலையில் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் அதன்மீது திவால் நடவடிக்கையைத் தொடங்க அனுமதித்தது.

இணையத்தில் தொடங்கிய நிறுவனங்கள் பின்னர் நேரடி வகுப்பறைகளையும் அமைத்தன என்பது குறிப்பிடத்தக்கது. பிசிக்ஸ் வாலாவும் அன்அகாடமியும் 2022இல் நேரடி மையங்களைத் திறந்தன.

தேர்ச்சிக் கணக்கில் உள்ள மயக்கம்

இவ்விளம்பரங்கள் மீது கூறப்படும் முதன்மையான குற்றச்சாட்டு, தேர்ச்சி பெற்றோரின் எண்ணிக்கை மட்டும் சொல்லப்பட்டுச் சேர்ந்தோரின் எண்ணிக்கை மறைக்கப்படுகிறது என்பதாகும். 4,000 பேர் சேர்ந்து 20 பேர் தேர்ச்சி பெற்ற நிறுவனத்தின் தேர்ச்சி விகிதம் 0.5 விழுக்காடு. 80 பேர் சேர்ந்து 4 பேர் தேர்ச்சி பெற்ற நிறுவனத்தின் விகிதம் 5 விழுக்காடு. எனினும் 20 ஒளிப்படங்கள் கொண்ட விளம்பரமே பார்ப்பவர் கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றும். பெரிய நிறுவனம் தன் உதவித்தொகைத் தேர்வின் வழியே முன்னரே திறமை மிக்க மாணவர்களைத் தேர்ந்தெடுத்திருப்பின், அந்த 0.5 விழுக்காடும் பயிற்சியின் பலன்தானா என்னும் கேள்வி எழும்.

இரண்டாவது மயக்கம், ஒரே மாணவரைப் பல நிறுவனங்கள் தம் மாணவராகக் காட்டுவதாகும். குடிமைப்பணித் தேர்வில் எழுத்துத் தேர்வை வென்றவர்களுக்குப் பல நிறுவனங்கள் இலவச மாதிரி நேர்முகத் தேர்வு நடத்துகின்றன. ஒருவர் ஐந்து இடங்களில் கலந்துகொண்டால் ஐந்து நிறுவனங்களின் பட்டியலிலும் அவர் பெயர் இடம்பெறும்.

சென்னையிலுள்ள குடிமைப்பணிப் பயிற்சி நிறுவனம் ஒன்றின் மீதான நடவடிக்கை இதற்குச் சான்றாகும். 2022ஆம் ஆண்டுக் குடிமைப்பணித் தேர்வில் தேர்வான 933 பேருள் 336 பேர் தம்மிடம் பயின்றவர்கள் என அது விளம்பரம் செய்திருந்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆராய்ந்தபோது, அவருள் 221 பேர் கட்டணமில்லா நேர்முகத் தேர்வு வழிகாட்டலைப் பெற்றவர்கள் எனத் தெரியவந்தது. எவர் எந்தப் பயிற்சியில் சேர்ந்தார் என்னும் விவரத்தை மறைத்தமைக்காக 2024 செப்டம்பரில் அந்நிறுவனத்துக்கு 5 இலட்சம் ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது.

சட்டமும் ஒழுங்குமுறையும்

* நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019: இச்சட்டத்தின்கீழ் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2020 சூலையில் அமைக்கப்பட்டது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 இலட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 இலட்சம் ரூபாய் வரையும் தண்டம் விதிக்கலாம்.
* இருட்டு வடிவமைப்பு வழிகாட்டுதல், 2023: "இன்னும் இரண்டு இடங்களே உள்ளன" என்பது போன்ற பொய்யான அவசரத்தைத் தோற்றுவிப்பதை இது தடைசெய்கிறது.
* கல்வி அமைச்சின் வழிகாட்டுதல், 2024 சனவரி: 16 வயதுக்குட்பட்டோரைச் சேர்த்தல், மதிப்பெண்ணுக்கோ தரவரிசைக்கோ உறுதியளித்தல் ஆகியன கூடாது. இடையில் விலகுவோருக்கு எஞ்சிய காலத்துக்கான கட்டணத்தைப் பத்து நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். இதனை மாநில அரசுகளே நடைமுறைப்படுத்த வேண்டும். இராசத்தான் சட்டப்பேரவை 2025இல் இதற்கெனத் தனிச் சட்டமுன்வரைவை நிறைவேற்றியது.
* பயிற்சித் துறை விளம்பர வழிகாட்டுதல், 2024 நவம்பர் 13: வெற்றி பெற்றவரின் பெயரையோ படத்தையோ பயன்படுத்த, அவர் தேர்வானபின் எழுத்துவழி ஒப்புதல் பெற வேண்டும். அவரது தரவரிசை, பயின்ற பாடம், அதன் காலம், கட்டணம் செலுத்தினாரா இல்லையா ஆகிய விவரங்களைக் குறிப்பிட வேண்டும். பொறுப்புத் துறப்பு, விளம்பர வாசகத்தின் அதே எழுத்தளவில் இருத்தல் வேண்டும். பொய்யுரைகளைப் பரப்பும் பரிந்துரையாளர்களும் இதில் பொறுப்பாவர். விளையாட்டு, நடனம் முதலிய பயிற்சிகளுக்கு இது பொருந்தாது.
* எண்ணிமத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023: 18 வயது நிறையாதோரின் தரவைப் பெறப் பெற்றோரின் ஒப்புதலை இது கோருகிறது, சிறாரைப் பின்தொடர்ந்து இலக்கு விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. இதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டுப் படிப்படியாக நடைமுறைக்கு வரும்படி அமைக்கப்பட்டன. பாடக்குறிப்புக்காகப் பள்ளி மாணவரிடம் தொலைபேசி எண் பெறும் வழக்கத்தை இது நேரடியாகப் பாதிக்கக்கூடியது.

விளம்பரத்தை மதிப்பிடுதல்

விளம்பரம் ஒன்றை மதிப்பிடும்போது பின்வரும் வினாக்கள் பயன்படும்.

* தேர்ச்சி பெற்றோர் எத்தனை பேர் என்பதோடு, சேர்ந்தோர் எத்தனை பேர் என்பதும் கூறப்பட்டுள்ளதா?
* படத்திலுள்ளவர் முழுப் பயிற்சி பெற்றவரா, மாதிரித் தேர்வு மட்டும் எழுதியவரா?
* இலவச நிகழ்படத்தில் கற்பிக்கும் ஆசிரியரே கட்டண வகுப்பிலும் கற்பிப்பாரா?
* கட்டணத்தைத் திருப்பித் தரும் விதி எழுத்தில் உள்ளதா?
* தவணைமுறை என்று கூறப்படுவது நிறுவனத்துக்கே செலுத்தும் தவணையா, வேறொரு நிதி நிறுவனத்திடம் பெறும் கடனா? கடனெனில், பயிற்சியிலிருந்து விலகினாலும் அதனை அடைக்கும் பொறுப்பு பெற்றோரைச் சாரக்கூடும்.

மறுபுறம், சந்தைப்படுத்தலுக்காக வெளியிடப்பட்ட இலவசப் பாடங்களே கட்டணம் செலுத்த இயலாத மாணவர் பலருக்குக் கற்றல் வளமாகவும் அமைந்துள்ளன. சேராமலே பாடங்களைக் கண்டு பயன்பெறுவோர், சேர்வோரைவிடப் பன்மடங்கு மிகுதி. புனலின் மேற்பகுதியில் நின்றுவிடும் இம்மாணவர்களை நிறுவனம் இழப்பாகக் கருதலாம். கல்வி நோக்கில் அவர்களே இம்முறையின் பெரிய பயனாளிகள் ஆவர். தேர்வாணையத் தேர்வுகளுக்கெனத் தமிழ்நாடு அரசும் ஏ.ஐ.எம். டி.என். என்னும் யூடியூப் அலைவரிசையில் இலவசப் பாடங்களை வழங்குகிறது. ஆகையால் கட்டணம் செலுத்துமுன் இலவச வளங்களை முழுமையாகப் பயன்படுத்திப் பார்ப்பது, தமக்குப் பயிற்சி தேவையா என்பதை மாணவர் தாமே அறிந்துகொள்ள உதவும்.

இவற்றையும் பார்க்க

* சந்தைப்படுத்தல்
* வலைப்பதிவு
* யூடியூப்
* கான் அகாடமி
* நுகர்வோர் பாதுகாப்பு
* போட்டித் தேர்வு