ஆல்பியனும் சக்கரத்து வண்ணமும்

ஹைதராபாத் முஷீராபாத்தில் இருக்கும் பஸ் பவன், தெலங்கானா போக்குவரத்துக் கழகத்தின் தலைமையகம். அங்கே பாதுகாக்கப்பட்டு வந்த பழைய ஆல்பியன் பேருந்துக்கு வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது.

1932 ஜூனில் நிஜாம் அரசின் ரயில்வே, சாலைப் போக்குவரத்திலும் இறங்கியது. கையில் 27 பேருந்துகள், 166 ஊழியர்கள். பேருந்து என்றாலே தனியார் முதலாளிகளின் தொழில் என்றிருந்த காலத்தில் அரசே பயணச்சீட்டு கிழித்தது துணிச்சலான காரியம்தான். வண்டிகள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து வந்தன. ஆல்பியன் நிறுவனத்தின் முத்திரை, கதிர் விரிக்கும் உதயசூரியன். இந்த அமைப்பின் வழித்தோன்றலாகவே 1958 ஜனவரி 11-இல் ஆந்திரப் பிரதேசப் போக்குவரத்துக் கழகம் உருவானது.

இப்படிப்பட்ட கிழட்டு வண்டிகளைப் புதுப்பிப்பவர்களுக்குச் சக்கரம்தான் தலைவலி. பளபளவென்று ஒரே பூச்சாக அடித்துவிடுவது எளிது. பழைய பூச்சை அடுக்கடுக்காகச் சுரண்டி, அடியில் இருக்கும் முதல் நிறத்தைக் கண்டுபிடிப்பதுதான் கடினம்.

டிராக்டர்களில் இது இன்னும் முக்கியம். ஃபோர்ட்சன் டிராக்டர் 1917-இல் வந்தபோது சாம்பல் நிற உடல், சிவப்புச் சக்கரம். இங்கிலாந்தின் டேகன்ஹாம் ஆலைக்கு உற்பத்தி போன 1933 வாக்கில் உடல் நீலமாகவும் சக்கரம் ஆரஞ்சாகவும் மாறின. 1937-இல் உடலும் ஆரஞ்சுக்கு மாறியது. போர்க்காலத்தில் பச்சை பூசினார்கள். விமானத்திலிருந்து பார்த்தால் வயலில் ஆரஞ்சு பளிச்சென்று தெரியும் என்ற பயமே காரணம் என்பார்கள்.

ஆகவே நீல ஃபோர்ட்சனுக்குச் சிவப்புச் சக்கரம் மாட்டினால், விவரம் தெரிந்தவர் உடனே முகம் சுளிப்பார்.