வெளிறிய உட்கரு: டி.டி.பி.-43 புரதமும் நரம்பணுச் சிதைவும்

இயக்க நரம்பணுக்களைச் சிதைக்கும் ஏ.எல்.எஸ். நோயால் இறந்தவரின் தண்டுவடத் திசுவில் டி.டி.பி.-43 புரதத்துக்கான சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டு மாறுதல்கள் தெரியும். இயக்க நரம்பணுவின் சைட்டோபிளாசத்தில் அந்தப் புரதம் நூல்நூலாகவோ உருண்டையாகவோ திரண்டு கிடக்கும்; அது இருக்க வேண்டிய உட்கரு வெளிறிப்போயிருக்கும். 2006இல் மானுவேலா நியூமன், வர்ஜீனியா லீ குழுவினர் இந்தத் திரளின் மூலப்பொருளை அடையாளம் கண்டதிலிருந்து ஆய்வாளர் பலரின் பார்வை திரளின் மேலேயே இருந்துவந்தது. உட்கரு காலியானதற்குத்தான் நோயில் பெரும்பங்கு என்பது இக்கட்டுரையின் வாதம்.

இந்தப் புரதத்தில் 414 அமினோ அமிலங்கள் உண்டு. 1995இல் எச்.ஐ.வி. ஆய்வில் வெளிப்பட்ட இதற்குத் தூது ஆர்.என்.ஏ.வை வெட்டி ஒட்டும் பணியிலும் பங்குண்டு என்று 2001இல் இத்தாலியின் திரியெஸ்தே நகரில் புராட்டியும் பராலேயும் காட்டினர். ஆர்.என்.ஏ.வில் யூ, ஜி எழுத்துகள் மாறிமாறி வரும் பகுதிகளே இது விரும்பிப் பற்றும் இடங்கள்.

மனித மரபணுக்களில், வெட்டி நீக்கப்படும் பகுதிகளான இன்ட்ரான்களுக்குள், தூது ஆர்.என்.ஏ.வில் தங்கும் பகுதியான எக்ஸான் போலத் தோற்றமளிக்கும் போலித் துண்டுகள் ஏராளம். அவற்றின் அருகே டி.டி.பி.-43 அமர்ந்திருக்கும்வரை வெட்டும் பொறி அவற்றைச் சட்டை செய்வதில்லை. புரதம் விலகினால் அவை தூது ஆர்.என்.ஏ. சுமக்கும் செய்திக்குள் புகுந்துவிடுகின்றன. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜோனதன் லிங், ஃபிலிப் வாங் குழு 2015இல் இதை நிறுவியது.

இதன் விளைவை ஸ்டாத்மின்-2 மரபணுவில் தெளிவாகப் பார்க்கலாம். முதல் எக்ஸானை அடுத்து ஒரு போலித் துண்டு நுழைகிறது. அதிலேயே முடிவுக்குறியும் பாலி-ஏ வால் சேரும் இடமும் இருப்பதால் செய்தி தொடக்கத்திலேயே அறுந்துபோகிறது. நரம்பணுவின் நீண்ட இழையான ஆக்ஸான் மீண்டும் வளரத் தேவையான புரதம் உருவாவதில்லை. 2019இல் இரண்டு குழுக்கள் இதைத் தனித்தனியே கண்டன. எலியின் மரபணுவில் இந்தப் போலித் துண்டு கிடையாது. எலிகளை மட்டும் நம்பியிருந்த ஆய்வுகளுக்கு இது எட்டாமல் போனதற்கு அதுவே காரணம்.

வாதத்துக்கு இன்னும் வலுவான சான்று யூ.என்.சி.13.ஏ மரபணு தருவது. அதில் சில எழுத்து மாற்றங்கள் ஏ.எல்.எஸ். அபாயத்தைக் கூட்டுகின்றன என்பது 2009 முதலே தெரியும். ஏன் என்பதுதான் புரியவில்லை. 2022இல் விடை கிடைத்தது. டி.டி.பி.-43 விலகும்போது போலித் துண்டு நுழையும் அதே இன்ட்ரானில்தான் அந்த மாற்றங்கள் இருக்கின்றன. நுழைவை அவை எளிதாக்குகின்றன. திரளின் நச்சு மட்டுமே காரணமென்றால் இந்தப் பொருத்தத்தை விளக்க இயலாது.

மறுதரப்புக்கும் வலுவுண்டு. டி.டி.பி.-43 மரபணுவில் நோய் தரும் பிறழ்வுகள் பெரும்பாலும் புரதத்தின் வால்பகுதியில், திரளும் இயல்புள்ள இடத்தில்தான் விழுகின்றன. ஆனால் இப்புரதம் தன் சொந்தத் தூது ஆர்.என்.ஏ.வையே பற்றித் தன் உற்பத்தியைக் கட்டுப்படுத்துகிறது. உட்கருவில் அது குறைந்தால் கட்டுப்பாடு தளர்ந்து உற்பத்தி ஏறும். ஏறிய புரதமும் வெளியே திரளில் சிக்கும். திரளும் வெறுமையும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்பதே இதன் பொருள். திரள் தோன்றாமலே உட்கரு காலியான நரம்பணுக்களும் காணப்பட்டிருப்பதால், திரளை மட்டும் கரைக்கும் மருந்து போதாது.

மாற்றுவழிக்கான முயற்சி தொடங்கிவிட்டது. மனிதப் போலித் துண்டைச் சேர்த்து வளர்த்த எலிகளில், அதை மறைக்கும் சிறு நியூக்ளியோடைடு இழையைச் செலுத்தி ஸ்டாத்மின்-2 உற்பத்தியை மீட்டதாக டான் கிளீவ்லேண்ட் குழு 2023இல் அறிவித்தது. ஒரு மரபணுவை மீட்டாலும் மற்ற செய்திகள் சிதைந்தபடியே இருக்கும் என்பதால், யூ.என்.சி.13.ஏ போன்றவற்றையும் சேர்த்துச் சரிசெய்வதே அடுத்த வேலை.