நிலையத்தின் நினைவு: இங்கிலாந்துக் குடும்ப மருத்துவத்தில் பாதுகாப்புத் தலைமை மருத்துவரின் பணி

இங்கிலாந்தில் ஜிபி நிலையங்கள் என வழங்கும் குடும்ப மருத்துவ நிலையங்களில், ‘சேஃப்கார்டிங்’ எனும் பாதுகாப்புப் பொறுப்பை ஒரு மருத்துவர், அதன் தலைமை மருத்துவராக, முன்நின்று நடத்துகிறார். குழந்தைகளுக்கும், தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத பெரியவர்களுக்கும் நேரும் வன்முறையையும் புறக்கணிப்பையும் நிலையம் கவனிக்கிறதா, கவனித்ததை உரிய இடத்தில் சொல்கிறதா என்று பார்ப்பது அவர் கடமை. சக ஊழியர்களின் ஐயங்களைக் கேட்பது, உள்ளாட்சிக் கவுன்சிலின் சமூகப் பணித் துறைக்குத் தகவல் அனுப்புவது, பயிற்சி நடத்துவது என்று இப்பணியை விவரிப்பது வழக்கம். இவை தேவைதான். ஆனால் இவற்றுக்கெல்லாம் முந்திய வேலை ஒன்று உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம். நிலையத்துக்கு ஒரு கூட்டு நினைவை உண்டாக்கித் தருவதுதான் அந்த வேலை. அது இல்லாத இடத்தில் பயிற்சியும் படிவமும் பெயரளவில் நின்றுவிடுகின்றன.

முன்பு அந்த நினைவு ஒரு மனிதரிடம் இருந்தது. ஒரே மருத்துவர் தாய்க்குப் பிரசவகாலம் பார்த்து, பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டு, தாத்தாவின் கடைசி நாட்களில் வீட்டுக்கும் வந்தார். இன்று இங்கிலாந்தில் ஒரு நிலையத்தில் சராசரியாக ஏறக்குறைய 10,000 பேர் பதிந்திருக்கிறார்கள். மருத்துவர்களில் பலர் பகுதிநேரம் வேலை செய்பவர்கள். ஒருவரைப் பார்க்கக் கிடைப்பது பத்து நிமிடம். தூக்கம் வரவில்லை என்று வந்த தாயை ஒரு மருத்துவர் பார்க்கிறார். குழந்தையின் காதோரக் கன்றலை ஒரு செவிலியர் பார்க்கிறார். தந்தையின் குடிப்பழக்கம் வேறொருவரின் குறிப்பில் இருக்கிறது. வரவேற்பு மேசையில் அவர் மனைவியை அதட்டியதைக் கண்டவர் வரவேற்பாளர் மட்டுமே. தனித்தனியே இவை எதுவும் யாரையும் உறுத்துவதில்லை.

விக்டோரியா கிளிம்பியே என்ற சிறுமியின் சாவைக் குடும்ப மருத்துவர்கள் இந்தக் கோணத்தில் மறுபடி படிக்க வேண்டும். ஐவரி கோஸ்ட்டில் பிறந்த அவள், 2000 பிப்ரவரி 25 அன்று எட்டு வயதில் லண்டனில் இறந்தாள். உடலில் 128 காயங்கள் இருந்தன. அதற்கு முந்தைய ஜூலையில் பத்தே நாள் இடைவெளியில் இரண்டு மருத்துவமனைகள் அவளைப் பார்த்திருந்தன. முதல் மருத்துவமனையில் இளநிலை மருத்துவர் ஒருவருக்கு ஐயம் எழுந்தது. மூத்த மருத்துவர் அவள் காயங்களைச் சொறிநோய் என்று முடிவுசெய்ததும் அந்த ஐயம் அமுங்கிப்போயிற்று. லாமிங் பிரபு 2003 ஜனவரியில் வெளியிட்ட விசாரணை அறிக்கையில் 108 பரிந்துரைகள் இருந்தன. சமூகப் பணித் துறையும் காவல்துறையும் தவறியதன் ஆவணமாகவே அது பெரிதும் நினைவுகூரப்படுகிறது. குடும்ப மருத்துவத்துக்கு அது சொன்னதை அதிகம் பேர் பேசுவதில்லை. புதிதாகப் பதிவாகும் குழந்தை எத்தகைய வீட்டில் வாழ்கிறது, பள்ளிக்குப் போகிறதா என்பதையும் பதிவின்போதே கேட்டறிய வழியுண்டா என ஆராயுமாறு அது பரிந்துரைத்தது. மருத்துவமனை காணும் குழந்தை ஏற்கெனவே காயப்பட்ட குழந்தை. குடும்ப மருத்துவ நிலையத்துக்கோ அதற்கு வெகுமுன்பே, பதிவுப் படிவத்தை நீட்டும் நாளிலேயே, கேட்க வாய்ப்பு இருக்கிறது.

ஆகவே தலைமை மருத்துவரின் கவனம் முதலில் செல்ல வேண்டிய இடம் பதிவேடு. ஒரே கூரையின் கீழ் வாழ்பவர்கள் வெவ்வேறு குடும்பப் பெயர்களில் பதிந்திருப்பார்கள். தாயின் புதிய துணைவரின் பெயர் குழந்தையின் பதிவேட்டில் எங்கும் இராது. ஆபத்தில் உள்ள குழந்தையைப் பற்றிக் கவுன்சில் கூட்டும் குழந்தைப் பாதுகாப்புக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு பல பக்கங்களில் வந்துசேரும். அதை ஸ்கேன் செய்து சேர்த்துவிட்டால் வேலை முடிந்ததாக நிலையம் எண்ணும். அதைப் படித்து, குறியீடு இட்டு, அடுத்த மருத்துவர் பதிவேட்டைத் திறந்ததும் கண்ணில் படும்படி வைப்பவர் யார்? கண் மருத்துவமனைச் சந்திப்புக்கு மூன்றாம் முறையும் குழந்தை வரவில்லை என்ற கடிதத்தை மருத்துவர் எவரும் பாராமலே கோப்பில் சேர்க்கலாமா? நாலு வயதுப் பிள்ளை தானாக மருத்துவமனைக்குப் போக முடியாது. அழைத்துப் போகாதவர் யார், ஏன் என்ற கேள்வி அந்தக் கடிதத்தில் இருக்கிறது.

இங்கே ஒரு கடினமான முரண் எழுகிறது. 2021ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், வீட்டில் வன்முறையைக் கண்டோ கேட்டோ அதன் விளைவுகளைத் தாங்கியோ வளரும் குழந்தையையும் பாதிக்கப்பட்டவராகவே கருதுகிறது. அப்படியானால் வன்முறையைப் பற்றித் தாய் மருத்துவரிடம் சொன்னது பிள்ளையின் பதிவேட்டிலும் இருந்தாக வேண்டும். ஆனால் அந்தப் பதிவேட்டைக் கேட்டுப் பெற, அடிக்கும் தந்தைக்கும் பெற்றோர் என்ற வழியில் வாய்ப்பு உண்டு. புதிதாகச் சேரும் குறிப்புகளை நோயாளிகள் கைப்பேசியிலேயே காணும் வசதியை 2023 அக்டோபர் 31 முதல் நிலையங்கள் அளிக்க வேண்டியதாயிற்று. மனைவியின் கைப்பேசியைப் பறித்துப் பார்க்கும் கணவனுக்கும் அந்த வசதி உதவிவிடக்கூடும். எழுதாமல் விட்டால் நினைவு அழிகிறது. எழுதினால் ஆபத்து வீட்டுக்குள் போகலாம். எழுத வேண்டும், இணையப் பார்வையிலிருந்து மறைக்கவும் வேண்டும் என்பதே என் நிலை. மறைப்பதை மறக்காதிருக்க, ஒவ்வொருவரின் ஞாபகத்தையும் நம்பாமல் நிலையம் முழுமைக்கும் ஒரே நடைமுறையை வகுப்பது தலைமை மருத்துவரின் வேலை.

நடைமுறையை மாற்றினால் விளைவு மாறும் என்பதற்குச் சான்று உண்டு. பிரிஸ்டலிலும் லண்டனின் ஹாக்னியிலும் நடந்த ஐரிஸ் ஆய்வு 2011இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. குடும்ப வன்முறை குறித்துப் பயிற்சியும், நேரே தொலைபேசியில் அழைக்கக்கூடிய துணைப் பணியாளரும் கிடைத்த 24 நிலையங்கள், ஓராண்டில் 223 பெண்களை உதவிக்கு அனுப்பியதாகப் பதிந்தன. அவை கிடைக்காத 24 நிலையங்கள் பதிந்தது 12. இரு தரப்பிலும் வன்முறை இருந்தது; கேட்கும் துணிவும், கேட்ட பின் அனுப்ப ஓர் இடமும் ஒரு தரப்பில் மட்டுமே இருந்தன. அந்த ஆய்வில் வரவேற்புப் பணியாளர்களுக்கும் பயிற்சி உண்டு என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

தலைமை என்று ஒருவரை வைத்தால் மற்றவர்கள் கைகழுவிவிடுவார்கள் என்பது வலுவான மறுப்பு. நடைமுறையில் அப்படித்தான் நடக்கவும் செய்கிறது. ‘அதை அவர் பார்த்துக்கொள்வார்’ என்று ஒரு வரிச் செய்தி அனுப்பிவிட்டு அடுத்த நோயாளியை அழைக்கிறார்கள். குழந்தையைத் தன் கண்ணால் பார்த்த மருத்துவரே கவுன்சிலைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். தலைமை மருத்துவர் அருகில் அமர்ந்து துணைநிற்க வேண்டும். நேரில் பார்த்தவரின் சொல்லுக்கு உள்ள கனம், கேட்டுச் சொல்பவரின் சொல்லுக்கு வராது.

இரண்டாவது மறுப்பு இரகசியக் காப்பைப் பற்றியது. ஐயத்துக்கு உள்ளாகும் தந்தையும் அதே நிலையத்தின் நோயாளி. அவருக்கும் கடமைப்பட்டவர்கள் நாம். இதை நான் எளிதாகத் தள்ளிவிடமாட்டேன். எனினும், நோயாளியின் நலனுக்காகத் தகவலைப் பகிர்வதும் காப்பதைப் போன்றே முக்கியமான கடமையாக இருக்கக்கூடும் என்று, நோயாளித் தகவல்களைக் கையாள்வது குறித்து 2013இல் வெளியான ஃபியோனா கால்டிகாட்டின் மறுஆய்வு தெளிவாக்கியது. பெரும்பாலும் பெற்றோரிடம் சொல்லிவிட்டே தகவல் அனுப்பலாம். சொல்வதே குழந்தைக்கு ஆபத்தாகும்போது சொல்லக் கூடாது. கண்டது, கேட்டது, ஊகித்தது ஆகிய மூன்றையும் கலக்காமல் எழுதும் பழக்கம், தந்தைக்கும் நீதி செய்வதற்கான வழி.

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கிலம் தாய்மொழியல்லாத குழந்தையிடம் பேசும்போது மொழிபெயர்ப்பாளர் கட்டாயம் என்று லாமிங் அறிக்கை கூறியது. வளர்ப்பவர்கள் முன் சிறுமி விக்டோரியா விறைத்து நின்றதைப் பண்பாட்டு மரியாதை என்று ஒருவர் புரிந்துகொண்டதும் அதில் பதிவாகியிருக்கிறது. லண்டனின் ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ ஒரு தமிழ்த் தாய்க்காகக் கணவரே மொழிபெயர்க்கும் அறையில், வீட்டில் பயமாக இருக்கிறதா என்று கேட்டுப் பயனில்லை. அந்த அறையில் தொலைபேசி மொழிபெயர்ப்பாளர் இருப்பதை உறுதிசெய்ய வேண்டும். அவரை முன்பதிவு செய்பவர் வரவேற்பாளர்.

இத்தனையும் செய்ய நேரம் எங்கே? குழந்தையைப் பற்றி விசாரணை தொடங்க முடிவெடுத்த வியூகக் கலந்தாய்விலிருந்து 15 வேலை நாட்களுக்குள் முதல் குழந்தைப் பாதுகாப்புக் கூட்டம் நடந்தாக வேண்டும். அதன் தேதி பெரும்பாலும் மருத்துவரின் நோயாளி நேரத்தில்தான் விழும். வீட்டிலுள்ள அனைவரின் பதிவேட்டையும் படித்து எழுதிய அறிக்கை, ஒன்றும் படிக்காமல் போய் அமர்வதைவிட மேல். ஆனால் அப்படிப் படிப்பதற்கே ஒரு மாலை போய்விடும். தலைமை மருத்துவரின் மணிநேரங்கள் நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப அட்டவணையிலேயே ஒதுக்கப்பட வேண்டும். அதற்கான பணம் நிலையத்தின் வருமானத்திலிருந்து போகாமல், 2022 முதல் வட்டார நிதியைக் கையாளும் ஒருங்கிணைந்த பராமரிப்பு வாரியங்களிடமிருந்து வர வேண்டும். தரக் கண்காணிப்பு ஆய்வாளர்கள் நிலையத்துக்கு வரும்போதும், எத்தனை தகவல்கள் கவுன்சிலுக்குப் போயின என்று எண்ணிவிட்டு நிறுத்தக் கூடாது. கடந்த மூன்று மாதத்தில் வரவேற்பாளர்கள் எழுப்பிய ஐயங்கள் எவை, அவற்றை யார் படித்தார், அந்தக் குழந்தையின் பதிவேட்டில் இப்போது என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும்.