எங்க ஊர் சந்தனமும் எங்க ஊருக்கு வராத எண்ணெயும்

சந்தன மரம் தானா முளைக்கிற பூமி எங்களுடையது. ஜவ்வாது மலை அடிவாரம், திருப்பத்தூர் பக்கம். அரசு சந்தனக் கிடங்கு திருப்பத்தூரில்தான் இருக்கிறது. ஏலம் எடுக்க வெளியூர் வியாபாரிகள் வருவாங்க. ஆனா எங்க ஊர்ல ஒரு வீட்டிலயும் சந்தன எண்ணெய்க் குப்பியை நான் பார்த்ததில்லை. இருந்ததெல்லாம் விரல் நீளத்துக்கு ஒரு கட்டை, இழைக்க ஒரு கல். ஏன் இப்படின்னு யோசிச்சுப் பார்த்தா அதுக்குள்ள பெரிய சரித்திரமே இருக்கு.

முதல்ல அந்த விரல் நீளக் கட்டை என்னென்ன செய்தது என்று சொல்கிறேன். கோடையில் பிள்ளைகளுக்கு வேர்க்குரு வந்தா, கல்லுல ரெண்டு சொட்டு தண்ணி விட்டு இழைச்சு முதுகுல பூசுவாங்க. வெயில் தலைவலிக்கு நெற்றியில் பற்று. மொட்டை அடிச்ச குழந்தைத் தலைக்குச் சந்தனம். வளைகாப்புல கன்னத்துக்கும் கைக்கும் சந்தனம். கல்யாண வாசலில் பன்னீர்ச் செம்பும் சந்தனப் பேலாவும் இல்லாம வரவேற்பு கிடையாது. நாகூர் கந்தூரிக்குச் சந்தனக்கூடு ஊர்வலமே நடக்குது, சாமி வேறானாலும் சந்தனம் ஒண்ணுதான்.

பேலாவில் வைப்பது வெறும் சந்தனம் இல்லை, கலவைச் சந்தனம். இழைச்ச சந்தனத்தைப் பன்னீர் விட்டுக் குழைச்சு, துளி ஜவ்வாதும் கடுகளவு பச்சைக் கற்பூரமும் சேர்ப்பாங்க. வசதி உள்ளவங்க குங்குமப்பூவும் போடுவாங்க. குளியல் பொடிக்குப் பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், காய்ந்த ரோஜா இதழ், கூடவே கொஞ்சம் சந்தனத் தூள். எங்க ஆயா தேங்காய் எண்ணெயில் சந்தனச் சிராய்களையும் வெட்டிவேரையும் போட்டு ஒரு வாரம் வெயிலில் வைக்கும். தலைக்குக் குளிர்ச்சி என்று தேய்த்துவிடும்.

ஆயா செய்தது சந்தனம் ஊறிய எண்ணெய், சந்தன எண்ணெய் இல்லை. அசல் எண்ணெய் மரத்தின் வைரத்திலும் வேரிலும்தான் இருக்கிறது. மேல்பக்கத்து வெள்ளைக் கட்டைக்கு வாசமே கிடையாது. வைரம் பாயவே பத்துப் பதினைந்து வருஷம் ஆகும். வேரில் எண்ணெய் அதிகம் என்பதால் சந்தன மரத்தை அறுக்க மாட்டாங்க, வேரோடு தோண்டித்தான் எடுப்பாங்க. கட்டையைத் தூளாக்கி, நாள் கணக்கில் நீராவி செலுத்தி வடிக்கணும். அதுக்குக் கொப்பரையும் விறகும் மட்டும் போதாது. மரம் உங்களுடையதா இருக்கணும். எங்களுக்கு இல்லாதது அதுதான்.

குடமலைச் சந்தனம் காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. அவ்வளவு பழைய வியாபாரம். 1792-ல் திப்பு சுல்தான் மைசூர் ராஜ்ஜியத்தில் சந்தனத்தை அரச மரமாக அறிவித்தார். யார் நிலத்தில் நின்றாலும் அது அரசருக்குத்தான். அதே 1792 உடன்படிக்கையில் எங்க பாராமகால் பகுதி திப்புவிடமிருந்து கும்பினிக்குக் கைமாறியது. பிறகு வந்த வனச் சட்டங்களும் சந்தனத்தின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. சுதந்திரம் வந்த பிறகும் பட்டா நிலத்துச் சந்தனத்தை வனத்துறையைக் கேட்காமல் தொட முடியாது.

எண்ணெய் எங்கே வடிந்தது தெரியுமா? மைசூர்க் கட்டைகள் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போச்சு, ஜெர்மனியில் வடிச்சாங்க. அங்கே அது வாசனைக்கு மட்டும் இல்லை, மருந்தும்கூட. பெனிசிலின் மாதிரி மருந்துகள் வருமுன் வெட்டை நோய்க்கு டாக்டர்கள் கொடுத்தது சந்தன எண்ணெய். 1914-ல் உலகப் போர் வந்ததும் கட்டை போக வழியில்லாமல் தேங்கியது. அப்புறம்தான் 1916-ல் மைசூர் அரசு தானே எண்ணெய் வடிக்கத் தொடங்கியது. 1918-ல் சோப்பு வந்தது. வடக்கே கன்னோஜில் ரோஜா, மல்லிகை வாசத்தைப் பிடித்து வைக்கச் சந்தன எண்ணெயில்தான் அத்தர் இறக்கினார்கள். எங்க வீட்டுக்குள்ள சந்தன எண்ணெய் வந்தது சோப்பாகத்தான், அதுவும் தீபாவளிக்கு.

எங்களுக்கு மரத்தால் வந்தது பயம். வேலியில் குருவி எச்சம் போட்டு முளைக்கும் சந்தனக் கன்றை எங்க அப்பா பார்த்ததும் பிடுங்கிப் போடுவார். வளர்ந்தால் திருடன் வருவான், திருடு போனால் அதிகாரி வருவார், ரெண்டு பேருக்கும் நாமதான் பதில் சொல்லணும் என்பார். அந்தப் பயம் வெறும் பயம் இல்லைங்க. 1992 ஜூன் மாதம், சந்தனக் கடத்தல் என்று சொல்லி அரூர் பக்கம் வாச்சாத்தி மலைக் கிராமத்துக்குள் வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், 18 பெண்களைச் சீரழித்தார்கள். 2011-ல் தர்மபுரி நீதிமன்றம் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கட்டையில் காசு பார்த்தவன் வேறு, அடி வாங்கினவங்க வேறு.

2002-ல் தமிழ்நாட்டில் சட்டம் மாறியது. பட்டா நிலத்துச் சந்தனம் இப்போ நிலத்துக்காரருக்கே சொந்தம். வெட்டவும் விற்கவும் மட்டும் வனத்துறை வழியாகப் போகணும். அந்தத் தைரியத்தில் நானும் கொல்லையில் சில கன்று வச்சிருக்கேன். பக்கத்தில் துவரை போட்டிருக்கேன். சந்தனம் அடுத்த செடியின் வேரில் வேரை நுழைத்துப் பாதிச் சாப்பாட்டை அங்கேதான் எடுத்துக்கும், தனியா விட்டா நல்லா வராது.

பட்டணத்தில் குப்பி வாங்குறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. அசல் எண்ணெய் மலிவாகக் கிடைக்காது. மலிவாக இருந்தால் பெரும்பாலும் கலப்படம் அல்லது செயற்கை வாசனை. ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய்க்கு ரெண்டு சொட்டு போதும், கூட ஒரு சொட்டு வெட்டிவேர் எண்ணெய் விட்டால் கோடைக்கு ரொம்ப நல்லாருக்கும். முதலில் முழங்கையின் உள்பக்கம் தடவி ஒரு நாள் பாருங்க. அப்படியே தோலில் விடாதீங்க, குடிக்காதீங்க, கைக்குழந்தைக்கு வேண்டாம். பன்னீரில் விட்டால் கலக்காமல் மிதக்கும், அதனால பேலாச் சந்தனத்துக்குக் கட்டையை இழைக்கிறதுதான் சரி. உங்க பாட்டி பெட்டியில் ஒரு கட்டை இன்னும் கிடக்கலாம். ரெண்டு சொட்டு தண்ணி விட்டு இழைச்சுப் பாருங்க, நாற்பது வருஷம் ஆகியிருந்தாலும் வாசம் வரும்.