துஸ்பென்யோ: உயரம் குறைந்த ஒரு பயிரின் வரலாறு

பசுமைப் புரட்சியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கோதுமையோடும் நெல்லோடும் நின்றுவிடுகின்றனர். நோரின் 10 வழிவந்த குட்டைக் கோதுமை, 1966இல் வெளிவந்த ஐ.ஆர்.8 நெல் ஆகிய இரண்டையும் குட்டையாக்கியவை ஓரிரு மரபணுக்களே. ஆதலால் அவற்றை ஒரு திருப்புமுனையாகச் சொல்வது எளிது. வெப்பமண்டல மக்காச்சோளத்திற்கு அப்படியொரு திருப்புமுனை இல்லை. சிறிது சிறிதாக, சுற்றுக்குச் சுற்று நிகழ்ந்த தேர்வே அதன் வரலாறு.

அவ்வரலாற்றின் மையத்தில் நிற்பது துஸ்பென்யோ என்னும் மெக்சிகோ நாட்டு இனம். வெராகுரூஸ் மாநிலத்தின் துஸ்பன் ஊரைச் சேர்ந்தது என்பதே பெயரின் பொருள். துஸ்பன் என்பதோ நவாட்டில் மொழியில் முயல்களின் இடம் எனப் பொருள்படும். பழங்குடிச் சொல்லொன்றின் மேல் ஸ்பானிய விகுதி ஏறிய இப்பெயர், ஆய்வுக்கூடம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே அவ்விதையைத் தேர்ந்து காத்த உழவர்களை நினைவூட்டுகிறது.

துஸ்பென்யோவின் விளைதிறனை வளர்ப்பாளர்கள் மதித்தனர். அதன் உயரம் அவர்களுக்குச் சிக்கலாயிற்று. உரமிட்டு நெருக்கி நட்டால் பயிர் சாய்ந்தது. உருவான உயிர்ப்பொருளில் பெரும்பகுதி தண்டுக்கும் இலைக்கும் போயிற்று. மெக்சிகோவில் 1966இல் நிறுவப்பட்ட பன்னாட்டு மக்காச்சோள, கோதுமை மேம்பாட்டு மையமான சிமிட்டில், எல்மர் ஜான்சனும் அவருடைய குழுவினரும் எளிய வழியொன்றை மேற்கொண்டனர். பல குடும்பங்களை விதைத்து, அவற்றுள் குட்டையானவற்றைத் தேர்ந்து, தமக்குள் கலக்கவிட்டு, மீண்டும் விதைத்தனர். இவ்வாறு 15 சுற்றுகள் நிகழ்ந்தன. 282 சென்டிமீட்டராக இருந்த உயரம் 179 ஆகக் குறைந்தது. உகந்த நெருக்கத்தில் நட்டபோது ஹெக்டேருக்கு ஏறத்தாழ 3.2 டன்னாக இருந்த விளைச்சல் 5.4 டன்னாக உயர்ந்தது. மொத்த உயிர்நிறையில் தானியத்தின் பங்கைக் காட்டும் அறுவடைக் குறியீடு 0.30இலிருந்து 0.45 ஆயிற்று. தேர்வின் நேரடி அளவுகோல் உயரம். விளைச்சல் அதன் வழியே வந்தது. பயிர் அதிகம் வளரவில்லை. வளர்ந்ததைப் பங்கிட்ட முறை மாறியது.

வறட்சித் தேர்விலும் இதே தருக்கத்தைக் காணலாம். நீர் குறையும்போது ஆண் மஞ்சரி உரிய காலத்தில் மகரந்தம் உதிர்க்கும். கதிரின் பட்டு இழைகளோ பிந்தி வெளிவரும். இரண்டும் சந்திக்காவிடில் கதிர் பொக்காகும். இந்த இடைவெளி குறுகிய குடும்பங்களைத் தேர்ந்ததே துஸ்பென்யோ செக்கியா என்னும் வறட்சி தாங்கும் திரளின் அடிப்படை. செக்கியா என்பது வறட்சிக்கான ஸ்பானியச் சொல்.

இந்தியாவிலும் இத்தகைய திரள் வளர்ப்புக்கு இடமிருந்தது. 1957இல் அனைத்திந்திய ஒருங்கிணைந்த மக்காச்சோளத் திட்டம் தொடங்கியது. 1961இல் கங்கா 1, கங்கா 101, ரஞ்சித், டெக்கான் ஆகிய வீரிய ஒட்டு ரகங்கள் வெளியாயின. அவற்றின் விதையை ஆண்டுதோறும் புதிதாக வாங்க வேண்டும். 1967இல் வந்த விஜய், கிசான், அம்பர் முதலிய கூட்டு ரகங்களின் விதையையோ உழவர் தம் வயலிலிருந்தே எடுத்துவைக்க முடியும். ஆகவே எந்த வகையை வளர்ப்பது என்பது மரபியலார் மட்டும் தீர்க்கும் வினா அன்று. விதை யார் கையில் இருக்கும் என்பதையும் அதுவே முடிவு செய்கிறது.

இங்கே மேம்பாடு என்ற சொல்லை நாம் நிறுத்திப் படிக்க வேண்டும். மெசோ அமெரிக்காவின் மில்பா வயலில் மக்காச்சோளமும் அவரையினமும் பூசணியும் சேர்ந்து வளரும். அங்கே உயர்ந்த தண்டு கொடிக்குக் கொழுகொம்பு. உயரம் களையையும் வெல்லும். உரமிட்ட தனிப்பயிர் வயலிலேயே அவ்வுயரம் குறையாக மாறுகிறது. பண்பு ஒன்றே, அதனைக் குணமென்றும் குறையென்றும் பிரிப்பது அது நிற்கும் வயல்.

15 சுற்றுகளின் பயனை மறுப்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஒன்றரை மடங்கைத் தாண்டிய விளைச்சல் பசித்த வீடுகளுக்குப் பெரிய செய்தி. ஆயினும் நாட்டு ரகம், மேம்பட்ட ரகம் என்னும் இணையை நம் ஆய்வேடுகளில் எழுதும்போது, எந்த வயலுக்கு, எந்த அளவுகோலால், யாருடைய விதையிலிருந்து மேம்பட்டது என்ற மூன்று வினாக்களுக்கும் உடன் விடை எழுதுவதே வரலாற்று நேர்மை.