பாஞ்சாலங்குறிச்சி மண்சுவர்

பாளையங்கோட்டையிலிருந்து பாஞ்சாலங்குறிச்சிக்கு வரைபடத்தில் ஒரு கோடு இழுத்தால் அது சீவலப்பேரியை ஒட்டித்தான் போகும். சிற்றாறு தாமிரபரணியில் சேருகிற ஊர் அது. ஆற்றுக்கு வடக்கே போகப்போக வயல் முடிந்து கரிசல் தொடங்கிவிடும். அந்தக் காட்டில் கோட்டை கட்டக் கல் தேடி அலைய வேண்டாம். மண்ணும் தண்ணீரும் மிதிக்கக் காலும் இருந்தால் சுவர் எழும்பிவிடும். பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மனின் கோட்டைச் சுவரும் அப்படி எழும்பிய மண்தான்.

1799 அக்டோபர் 16-ல் கிழக்கிந்தியக் கும்பினியின் மேஜர் பானர்மன் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டார். கோட்டை தரைமட்டமானது. மற்றப் பாளையக்காரர்களும் கோட்டைகளை இடிக்க வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், மீறி வைத்திருந்தால் மரணம் என்று உத்தரவு போனது. சுவர் போனால் கலகமும் போகும் என்பது கும்பினியின் கணக்கு. எனக்கு இந்தக் கணக்கில்தான் சந்தேகம். இடித்ததை எண்ணிப் பார்க்கலாம், அறிக்கையில் எழுதி மேலிடத்துக்கு அனுப்பலாம். கிஸ்தி வரி நெருக்கடியால் வந்த கோபத்தை எந்தப் பதிவேட்டில் எழுதுவது? வியட்நாமில் அமெரிக்கத் தளபதிகள் பிணங்களை எண்ணி வெற்றியைக் கணக்கிட்டதும் ஏறக்குறைய இதே ரகம்.

1801 பிப்ரவரி 2 இரவு பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் கூட்டாளிகளும் தப்பினார்கள். விறகுக்காரர் வேடத்தில் வந்தவர்கள்தான் மீட்டுக்கொண்டு போனார்கள் என்று இந்தப் பக்கத்தில் சொல்வார்கள். எந்தத் துறையில் ஆற்றைக் கடந்தார்களோ! ஒரு வாரம் கழித்து மேஜர் மெக்காலேயின் படை பாஞ்சாலங்குறிச்சிக்குப் போய் நின்றபோது, இடித்த இடத்தில் சுவர் நின்றது. அதன்மேல் சுமார் 1,500 பேர். படை பாளையங்கோட்டைக்கே திரும்பியது.

கல்சுவரில் பீரங்கிக் குண்டு பட்டால் உடைந்து சரியும். மண்சுவர் குண்டை உள்ளே வாங்கிக்கொள்ளும். விழுந்த ஓட்டையை ராத்திரியே அடைத்துவிடலாம். மார்ச் 31-ல் நடந்த தாக்குதலும் தோற்றது. கர்னல் அக்னியூ பெரிய பீரங்கிகளோடு வந்து, மே 24-ல்தான் கோட்டை விழுந்தது. அப்போதும் ஊமைத்துரை தப்பிச் சிவகங்கைச் சீமைக்குப் போய்விட்டார். அந்தச் சீமையை ஆண்ட மருது சகோதரர்கள் அடைக்கலம் கொடுத்தார்கள். போர் அங்கே பரவியது. பாஞ்சாலங்குறிச்சியில் வென்ற படை சிவகங்கைக் காட்டில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. நவம்பர் 16-ல் ஊமைத்துரையைப் பாஞ்சாலங்குறிச்சிக்கே கொண்டுவந்து தூக்கிலிட்டார்கள்.

சுவரை மறுபடி இடித்து நிலத்தோடு நிலமாக்கினார்கள். ஊர்ப் பெயரையே பதிவேடுகளிலிருந்து நீக்கினார்கள். டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லி இன்னோர் அறிவிப்பு வெளியிட்டார். இரண்டே வருஷத்தில் அதே உத்தரவை இரண்டாம் முறை போட வேண்டியிருந்தது என்றால், முதல் உத்தரவு என்னதான் சாதித்தது?

1974-ல் தமிழக அரசு அங்கே நினைவுக் கோட்டை ஒன்றைக் கட்டியது. பழைய கோட்டையின் மிச்சம் இப்போது தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் அங்கே மண்ணைத் தோண்டினால் வழக்குப் போடுவார்கள்.